கூடுதலாகக் கட்டிய பணம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கடனைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதத் தவணையோடு ஆயிரம் இரண்டாயிரம் சேர்த்துக் கட்டுங்கள், தீபாவளி போனஸைத் தொடாமல் கடனில் போடுங்கள், சம்பளம் உயரும்போதெல்லாம் தவணையையும் உயர்த்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் போனஸ் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு வீட்டிலிருந்து, தங்கச்சிமடத்திலிருந்து, இதை எழுதுகிறேன்.

நான் மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். எனக்கு மாதச் சம்பளம், அவருக்குப் படகு வருமானத்தில் பங்கு. என் சம்பளத்தில் தவணை கட்டலாம், சமையலறையை ஓட்டலாம், அதற்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுவதெல்லாம் அவர் பங்கில்தான். அது மாதக் கணக்குப் பார்த்து வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். தடை முடிந்து முதல் சில வாரம் இறால் பாடு, அதாவது வலையில் கிடைப்பது, நன்றாக இருந்தால் கையில் காசு புழங்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் மறுபடி கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. இந்தப் பக்கத்தில் யாரிடம் போய் மாதாமாதம் இரண்டாயிரம் கூடுதலாகக் கட்டச் சொன்னாலும் சிரிப்பார்கள். ஆனால் ஆடி, ஆவணியில் ஐம்பதாயிரம் மொத்தமாகக் கட்ட முடியுமா என்று கேட்டால் முடியும் என்பவர்கள் உண்டு. நாங்களும் அதில் ஒருவர். கட்டுரையில் இந்தக் கணக்கு இல்லை, அதனால் நானே போட்டுக் காட்டுகிறேன்.

கடன் பன்னிரண்டு லட்சம், வட்டி ஒன்பது சதவீதம், காலம் இருபது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கடனும் சுமாராக இப்படித்தான். தவணை மாதம் 10,797 ரூபாய் வரும். முதல் மாதம் கட்டும் அந்தப் பணத்தில் 9,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 1,797 ரூபாய்தான். ஐந்து ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால் கையை விட்டுப் போயிருப்பது ஏறக்குறைய 6,48,000 ரூபாய். அசலில் குறைந்திருப்பது 1,35,500 ரூபாய். கடலில் கரைத்த பெருங்காயம்தான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நிற்கும் அசலுக்கு வட்டி, வட்டி போக மிச்சம் அசலுக்கு என்பதுதான் தவணைக் கணக்கு. அசல் பெரிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டியும் பெரிதாகத்தான் இருக்கும்.

அதனால்தான் கூடுதல் பணத்தை எப்போது கட்டுகிறோம் என்பது முக்கியம். முதல் ஆண்டு முடிவில் ஒரே ஒருமுறை 50,000 ரூபாயை அசலில் கட்டிவிட்டு, தவணையை மாற்றாமல் விட்டால் கடைசியில் 23 தவணைகள் காணாமல் போகும். இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டியதில்லை. போட்ட ஐம்பதாயிரத்தைக் கழித்தாலும் இரண்டு லட்சம் மிச்சம். அதே 50,000 ரூபாயைப் பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் ஏழு தவணைதான் குறையும். ஆண்டுக்கு ஒரு முறை, சீசன் முடிந்ததும் 50,000 கட்டிக்கொண்டே வந்தால் இருபது ஆண்டுக் கடன் பத்து ஆண்டு எட்டு மாதத்தில் முடிந்துவிடும். மொத்தமாகக் கட்டுவதில் ஏழு லட்சத்துக்கு மேல் குறையும். ஒவ்வோர் ஆண்டும் அப்படி முடியாது என்பது எனக்கும் தெரியும். பாடு இல்லாத ஆண்டில் ஒன்றும் கட்ட வேண்டாம். அடுத்த ஆண்டு இருபதாயிரம்தான் இருக்கிறதா, அதைக் கட்டலாம். மாதத் தவணை மாதிரி இதற்குக் கட்டாயம் ஏதும் இல்லை என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வசதி.

இப்படிக் கட்டினால் அபராதம் போடுவார்கள் என்று இங்கே பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் கொழுந்தனார்கூட, "பாதியில கட்டினா பைன் போடுவாங்க மதினி, எதுக்கு வம்பு" என்றார். ஒரு காலத்தில் போட்டார்கள். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் வந்த உத்தரவு இன்னும் தெளிவாக இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடனுக்கு, தனிநபர் தொழிலுக்காக இல்லாமல் வாங்கியதாக இருந்தால், கொஞ்சமாக அடைத்தாலும் முழுதாக அடைத்தாலும் கட்டணம் கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கூடாது. இத்தனை மாதம் ஆன பிறகுதான் கட்டலாம் என்றும் சொல்லக் கூடாது. நிலை வட்டியில் வாங்கியவர்கள் மட்டும் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. கவுண்டரில்தான் கோளாறு. இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான்.

போன சீசனில் நாங்கள் கட்டிய பணத்தின் கதையைக் கேளுங்கள். கடன் கொடுத்தவர்களின் பெயர் வேண்டாம். இது ஒரே இடத்தில் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தடை முடிந்து ஒரு மாதம் பாடு நன்றாக இருந்தது. அதில் ஒரு பகுதியைக் கடன் கணக்கில் கட்டினேன், ரசீதும் வாங்கினேன். பிறகு ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தால் அசல் வழக்கம்போல ஒரு தவணைக்கு உரிய அளவுதான் குறைந்திருந்தது. எங்கள் பணம் முன்பணம் என்று தனியாக ஒரு வரியில் கிடந்தது. கேட்டதற்கு, "அடுத்த தவணைகளுக்குக் கழிச்சுக்கலாம் மேடம், உங்களுக்கு வசதிதானே" என்றார்கள். என்ன வசதி? வருகிற மாதங்களின் தவணையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, முழு அசலுக்கும் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பணத்துக்கு அவர்கள் ஒரு காசு வட்டி தரவில்லை.

எழுத்தில் கொடுத்த பிறகு அசலில் கழித்தார்கள். அடுத்த மாதம் தவணை குறைந்து வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. தவணையைக் குறைப்பதா, மாதங்களைக் குறைப்பதா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. மேலே சொன்ன உதாரணத்திலேயே பாருங்கள். முதல் ஆண்டு முடிவில் கட்டிய 50,000 ரூபாய்க்கு மாதங்களைக் குறைத்தால் இரண்டு லட்சம் வட்டி மிச்சம். மாதங்களை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால் மாதம் 458 ரூபாய் குறையும். கடைசி வரை கூட்டிப் பார்த்தால் வட்டியில் மிச்சமாவது 54,500 ரூபாய். கட்டியது அதே பணம், அதே நாள். கணினியில் எதைத் தட்டினார்கள் என்பதில் ஒன்றரை லட்சம் வித்தியாசம். மறுபடி கடிதம், மறுபடி நடை. கடைசியில் மாற்றிக் கொடுத்தார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள், அதனால் பார்த்தேன். ரசீதை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, கடன் குறைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

தவணையைக் குறைப்பது எப்போதும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. தடைக்காலத்தில் ஐந்நூறு ரூபாய் குறைந்தாலும் மூச்சு விடலாம் என்கிற நிலையில் இருப்பவர்கள் அதைத்தான் கேட்க வேண்டும். கேட்டு வாங்கியதாக இருக்கட்டும், கணினி முடிவு செய்ததாக இருக்க வேண்டாம்.

வட்டி ஏறியபோது நடந்தது இதைவிட மோசம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ, அது ஏறினால் அதோடு இணைந்த வீட்டுக்கடன் வட்டியும் ஏறும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதம் ஆனது. ஏழு சதவீதத்தில் பன்னிரண்டு லட்சம் வாங்கியவருக்குத் தவணை 9,304 ரூபாய். வட்டி ஒன்பதரை ஆனபோது அவருக்கு அசல் 11,71,000 ரூபாய் நின்றது என்றால் ஒரு மாத வட்டியே 9,270 ரூபாய். அசலுக்குப் போவது முப்பத்து நான்கு ரூபாய்! தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர்களுக்குக் கடன் காலம் ஓசைப்படாமல் நீண்டுகொண்டே போனது. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் தவணை நீண்டுவிட்டது என்று நகரத்துச் சம்பளக்காரர்கள் புலம்பியதை உங்கள் நாளிதழிலேயே படித்தேன். கடலுக்குப் போகிறவருக்கு ஓய்வு வயது என்று எதைச் சொல்வது? முட்டி தாங்குகிற வரைக்கும்தான்.

இந்தக் கூத்துக்குப் பிறகு 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணை ஏறுமா, மாதம் ஏறுமா, அல்லது இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரையே முடிவு செய்ய விட வேண்டும். கொஞ்சமாகவோ முழுதாகவோ முன்கூட்டி அடைக்க வழி இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதுவரை கட்டிய அசல், வட்டி, தவணைத் தொகை, மீதமுள்ள தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் எல்லாம் போட்ட அறிக்கை தர வேண்டும். அறிக்கை எளிமையாகவும் புரியும்படியும் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு வருவது ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் இணைப்பு, பிறந்த தேதியையும் பெயரின் நான்கு எழுத்தையும் தட்டினால்தான் திறக்கும். என் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது, கடன் விண்ணப்பம் நிரப்பிய பையன் உருவாக்கிக் கொடுத்தது அது.

2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ வட்டி இறங்கி, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. ரெப்போவோடு இணைந்த கடன் உள்ளவர்கள் இந்த இறக்கம் தங்கள் கணக்கில் எப்படி இறங்கியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய தவணையையே கட்ட முடிகிறவர்கள் அதைக் குறைக்க விடாதீர்கள். கையிலிருந்து தனியாக ஒரு காசு போடாமலே மாதங்கள் குறையும்.

அதற்காக எல்லாப் பணத்தையும் கடனில் கொண்டுபோய்ப் போடுவதும் எங்கள் கரைக்குச் சரிப்படாது. கட்டுரையில் அவசர நிதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இங்கே அவசரம் என்பது மருத்துவச் செலவு மட்டும் இல்லை. தடைக்காலத்தில் அரசு நிவாரணம் வரும், ஆனால் தவணை தேதி அதற்காகக் காத்திருக்காது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் ஆளும் வருவதில்லை, படகும் வருவதில்லை, வீட்டுக்கு வருமானம் மட்டும் அன்றோடு நின்றுவிடும். ராமேசுவரத்தில் இது எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது என்று உங்கள் நிருபரைக் கேட்டாலே சொல்வார். தவணை ஒருமுறை திரும்பினால் அபராதம், அதோடு கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் போகும். அதனால் நாங்கள் நான்கு தவணைக்கு உரிய பணத்தை வேறொரு வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அதற்கு மேல் இருப்பதைத்தான் கடனில் கட்டுகிறோம். அசலில் கட்டிய பணம் கட்டியதுதான், திரும்பக் கேட்டால் டாப்-அப் என்று புதிதாகக் கடன்தான் கொடுப்பார்கள்.

அடகில் நகை இருந்தால் வீட்டுக்கடன் பக்கமே போக வேண்டாம், முதலில் நகையை மீட்க வேண்டும். தடைக்காலத்தில் சங்கிலியும் வளையலும் அடகுக் கடைக்குப் போவது இங்கே வழக்கம்தான். ரெண்டு வட்டி என்பார்கள், கேட்கச் சின்னதாக இருக்கும். மாதம் நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு இருபத்து நான்கு சதவீதம். அதை அப்படியே விட்டுவிட்டு ஒன்பது சதவீதக் கடனை முந்தி அடைப்பதில் என்ன லாபம்? எங்கள் அத்தைக்கு இது பிடிபடவே இல்லை. "நகை கடையில பத்திரமாத்தானே இருக்கு, வீட்டுப் பத்திரம்தான் அவன்கிட்ட மாட்டியிருக்கு" என்பார். வீட்டின் மேல் உள்ள பயம் அது. இங்கே பட்டா உள்ள இடத்தில் வீடு கட்டியவர்களுக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கரையோரத்தில் பல குடியிருப்புகளுக்குப் பட்டா கிடையாது, பட்டா இருந்தாலும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று வரைபட அனுமதி இழுக்கும். இதையெல்லாம் தாண்டிக் கட்டிய வீடு. பத்திரம் எப்போது கைக்கு வரும் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருப்பதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு செலவு உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். உப்புக் காற்றில் கம்பி துருவேறி, தளத்துக்கு அடியில் சிமெண்டு பெயர்ந்து விழ ஆரம்பித்தால் கடன் முடியும் வரை அது காத்திருக்காது. கடல் மணலையும் உப்புத் தண்ணீரையும் கலந்து கட்டிய வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கடனை முடிக்க வேண்டும் என்ற ஆசையில் வீட்டுக்குச் செய்ய வேண்டிய மராமத்தைத் தள்ளிப் போட்டால், கடன் முடிகிறபோது தளத்தை உடைத்துப் போட வேண்டியிருக்கும். சுண்ணாம்புக்கும் பெயிண்டுக்கும் கம்பிக்கும் என்று ஆண்டுதோறும் ஒரு தொகையை எடுத்து வைப்பது வீட்டுக்கடன் கணக்கிலேயே சேரும் என்பது என் கருத்து.

வரிச் சலுகை போய்விடும், கடனை வைத்துக்கொண்டே இருங்கள் என்று சில ஆடிட்டர்கள் சொல்வது பழைய முறையில் வரி கட்டுபவர்களுக்கு. புதிய வரி முறையில் நாமே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. படகில் பங்கு வாங்குகிற எங்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

எங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான ஒரு வகைக் கடன் இருக்கிறது, கிளையில் கேட்டால்தான் சொல்வார்கள். ஓவர்டிராப்ட் வசதியோடு வரும் வீட்டுக்கடன். சீசன் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால், அது அங்கே இருக்கும் வரை அந்த அளவுக்கு வட்டி குறையும். தடைக்காலத்தில் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் சாதாரணக் கடனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பணம் எடுக்கக் கூடியதாகக் கையருகே இருந்தால் எடுத்துவிடும் வீடுகளுக்கு ஒத்தும் வராது. எங்கள் வீட்டுக்கு ஒத்து வராது என்று நான்தான் முடிவு செய்தேன், வீட்டுக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு மாதம் வருமானமும் ஆறு மாதம் காய்ச்சலுமாக இருக்கிற ஒரு மாவட்டத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு கிளையிலாவது தமிழில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

முழுதாக அடைத்தவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. என்னோடு வேலை பார்க்கும் பெரியபட்டினத்துப் பெண்ணின் அண்ணன் சவூதியிலிருந்து வந்தபோது, கையோடு கொண்டுவந்த பணத்தில் வீட்டுக்கடனை ஒரே அடியாக முடித்தார். "வட்டிங்கிற பேச்சே இனி வீட்டுல வேண்டாம்கா" என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. பத்திரமும் கைக்கு வந்தது. பின்னால் தங்கைக்கு ஒரு பாகம் எழுதிவைக்கப் போனபோது வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நின்றது. கடன் கொடுக்கும்போது உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்ததாக ஓர் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவார்கள். அடைத்த பிறகு கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணத்தையும் அங்கே பதிந்தால்தான் வில்லங்கம் நீங்கும். அதற்குக் கடன் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கடனை முடிக்கிற அன்றே அந்தத் தேதியையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பத்திரத்தைத் திருப்பித் தருவதற்கும் இப்போது கெடு உண்டு. 2023 டிசம்பர் 1 முதல், முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும், சென்னையில் இருக்கிறது என்று இழுப்பவர்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் பேச்சு மாறும். கடனோடு சேர்த்துக் காப்பீட்டுக்கு ஒரே தவணையாகப் பணம் பிடித்திருந்தால், மீதிக் காலத்துக்குத் திரும்ப ஏதும் உண்டா என்றும் கேட்க வேண்டும். ஆனால் கடலுக்குப் போகிற ஆள் உள்ள வீட்டில் வேறு காப்பீடு எடுக்காமல் அதை விட்டுவிடாதீர்கள்.

புகார் செய்யும் இடங்களையும் உங்கள் நாளிதழ் ஒரு கட்டம் கட்டிப் போடலாம். முதலில் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வீட்டுவசதிக் கடன் நிறுவனத்திடம் வாங்கியவர்கள் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு எழுத வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கி திருப்பி அனுப்பி, கூடுதல் வட்டிக்கு அந்த நிறுவனங்களிடம் போனவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம் கண்ணில் படுகிறார்கள். வட்டி கூடுதலாக இருப்பதால் முன்கூட்டிக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அவர்களுக்குத்தான் அதிகம் பயன் தரும், எங்கே புகார் செய்வது என்று குழம்புவதும் அவர்கள்தான்.

மாவட்ட முன்னோடி வங்கி கூட்டம் போடும்போது நகைக்கடன், பயிர்க்கடன் இலக்கெல்லாம் பேசுகிறார்கள். இதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளச் சொல்லி உங்கள் வாயிலாகக் கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, பாம்பன், ராமேசுவரம், மண்டபம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கத்துக் கிளைகளில் கூடுதல் பணம் கட்ட வருபவர்களுக்குத் தமிழில் ஒரு படிவம். அதில் "மாதங்களைக் குறைக்கவா, தவணையைக் குறைக்கவா" என்று இரண்டு கட்டம். பணம் கட்டியதும், கட்டுவதற்கு முன் நின்ற அசல், இப்போது நிற்கும் அசல், முன்பு இருந்த தவணைகள், இப்போது இருக்கும் தவணைகள் என்று நான்கு எண் போட்ட சீட்டு. மீன் எடை போட்டதும் கம்பெனியில் சீட்டுக் கொடுக்கிறோம், எடையும் விலையும் அதில் இருக்கிறது. இத்தனை கணினி வைத்திருப்பவர்களால் ஏன் முடியாது?

அது வரும் வரை, நான் கடைசியாகக் கொடுத்த கடிதத்தில் இருந்த வரிகளை இங்கே தருகிறேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். கடன் எண்ணையும் தேதியையும் போட்டு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

"இத்துடன் செலுத்தும் தொகை முழுவதையும் இன்றைய தேதியிலேயே அசலில் கழிக்கவும், முன்பணமாக வைக்க வேண்டாம்.

மாதத் தவணைத் தொகையை மாற்றாமல், மீதமுள்ள மாதங்களைக் குறைக்கவும்.

கழித்த பின் நிற்கும் அசலையும், மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையையும் எழுத்தில் தரவும்."

இடம் போதாது என்று இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் எங்கள் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். இந்த மூன்று வரியை மட்டும் அப்படியே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.